கூட்டம் குறையட்டும்

விமான நிலையத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள். காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய வயது. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில் இருக்கும். அதை மேஜை முழுக்கத் தேடுவாள்.

பயணிகளிடம் பெட்டி வாங்குகிற கவுன்டர்களுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு கணினிகள், இரண்டு நாற்காலிகள், ஒரு தொலைபேசி, டீக்கறை வட்டம் வட்டமாகப் படிந்த ஒரு மேஜை. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் வேலை. ஆனால் வேலை நேரத்தில் அவள் விமானத்தைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். சமையல்காரன் விருந்தைப் பார்க்காத மாதிரி.

வேலை இதுதான். விமானம் இவ்வளவு கனம்தான் தூக்கும் என்று ஒரு வரம்பு உண்டு. ஆட்கள், பெட்டிகள், சரக்கு, எண்ணெய் எல்லாம் சேர்ந்து அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது, மூக்குப் பக்கமும் வால் பக்கமும் கனம் சரியாகப் பிரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்து அவள் ஒரு தாள் அனுப்புவாள். அதில் விமானி கையெழுத்துப் போட்டால்தான் சக்கரம் உருளும். பயணிகளை யாரும் தராசில் ஏற்றி நிறுத்துவதில்லை. ஆம்பளைக்கு இவ்வளவு, பொம்பளைக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி போட்டு வைத்திருக்கிறார்கள். மடியில் உட்கார்ந்து போகிற கைக்குழந்தைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், ஒல்லிக்குச்சி. "உங்களை ஏத்துனா எங்க கம்பெனிக்குப் பாதி ஆளு லாபம்" என்று அவரைக் கேலி செய்வாள்.

கடைசி நிமிஷத்தில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டு வருவதும் உண்டு. மேலதிகாரியின் மச்சான், அமைச்சரின் உதவியாளர், கல்யாணத்துக்கு அவசரமாகப் போகிறவர். "ஒரு ஆளுதானே, ஏத்தக்கூடாதா?" என்பார்கள். தராசு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு சொல்வாள்: "எல்லாரும் ஒரு ஆளுதானேன்னுதாங்க வர்றாங்க. இதுவரைக்கும் யாரும் ரெண்டு ஆளா வந்ததில்ல." ஒருமுறை, அம்மா செத்துப் போன தகவல் வந்து ஓடிவந்த ஒருவர் அந்த வாசலில் நின்று அழுதார். அன்றைக்கும் அவள் பதில் மாறவில்லை. அவர் போன பிறகு ரொம்ப நேரம் டீ குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

இந்த வேலையில் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காலியாக இருந்தால் சும்மா ஏறிக்கொள்ளலாம். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிச்சம் இருந்தால், வரம்பும் இடம் கொடுத்தால், கம்பெனி ஆட்கள் வரிசைப்படி ஏறலாம். கேட்கிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். ஆனால் அந்தச் சலுகை கம்பெனிக்காரர்களின் வாழ்க்கையையே ஒரு மாதிரி கோணலாக்கிவிட்டிருந்தது. பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காது. பண்டிகைக்குக் கிடைக்காது. உலகம் முழுக்க ஒன்றுகூடிச் சிரிக்கிற நாள் எதுவோ அன்றைக்கு விமானம் நிரம்பி வழியும். ஆகவே இவர்கள் எல்லாம் முடிந்த பிறகு போவார்கள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, குழந்தை பிறந்து பெயர் வைத்த பிறகு. "கூட்டம் குறையட்டும், வரேன்" என்பது அந்த அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் புழங்குகிற வாக்கியம்.

தராசு அதை அதிகம் சொன்னது அவள் அக்காவிடம்தான்.

இவளைப் பெற்றுப்போட்டதும் அம்மா கண்ணை மூடிவிட்டாள். அக்காவுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. போகவில்லை. இவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே சோறாக்கினாள், துணி துவைத்தாள், தெருவில் மற்றப் பிள்ளைகள் விளையாடுவதை நின்று பார்த்தாள். இவள் படித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவள் கழுத்தில் ஒரு தாலி ஏறியது. அத்தானுக்குக் கடல் தாண்டி இன்னொரு நாட்டில் ஒரு மருத்துவமனையில் மின்சார வேலை. அக்காவும் கூடப் போனாள். "அதனால என்ன, நான்தான் ஓசியில வருவேனே, வாரா வாரம் வந்து உன் தலையில உக்காந்துக்கறேன்" என்று வழியனுப்பும்போது தராசு சொன்னாள். அக்காவும் அதை நம்பித்தான் ஏறினாள்.

வாரா வாரம் எங்கே? வருஷத்துக்கு ஒரு தடவை. அதுவும் சீசன் முடிந்து, அந்த ஊர் மழையில் நனைந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது. அக்கா மகள் கல்யாணத்துக்கு இவள் போய்ச் சேர்ந்தபோது, கல்யாணப் பெண் முழுகாமல் இருந்தாள். "வாடி, சீசன் முடிஞ்ச சித்தி" என்று அக்கா கதவைத் திறந்தாள். அந்தப் பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது ஒரு விடுமுறைக் காலத்தின் ஆரம்பத்தில். தொலைபேசியில் அக்கா அதைக் கடைசியாகத்தான் சொன்னாள். மழை, விலைவாசி, பேரனுக்குப் பல் முளைத்தது எல்லாம் பேசிவிட்டு, "அப்புறம் இன்னொண்ணு" என்று.

"நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்டி" என்றாள்.

"வரேன்க்கா. இப்ப இடமே இல்ல. காலேல பார்த்தேன், அத்தனை விமானமும் ஃபுல். கூட்டம் குறையட்டும், அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்."

"அவசரம் ஒண்ணுமில்ல. கத்தி வெச்சு எடுத்துட்டா சரியாயிடும்னு டாக்டர் சொல்றார்."

வீட்டுக்காரர் அன்றைக்கே சொன்னார்: "இந்தத் தடவை காசு கொடுத்து டிக்கெட் வாங்கிட்டுப் போய்டேன்." அவர் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி தராசு திரும்பிப் பார்த்தாள். விமானக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் டிக்கெட் வாங்குவதா? இனிப்புக்கடைக்காரன் அடுத்த கடை வாசலில் வரிசையில் நிற்பதா? அலுவலகத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள். அதுவுமில்லாமல் ஒரு மாதம்தானே. ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஒரு மாதத்தில் உலகம் குப்புற விழுந்தது.

வழியில் இரண்டு நாடுகள். எல்லையில் ஒரு பாலம் யாருக்குச் சொந்தம் என்பதில் அவர்களுக்குத் தாத்தா காலத்துத் தகராறு. அந்தப் பாலத்தில் மாட்டுவண்டிகூடப் போவதில்லை என்று மீசை சொன்னார். மீசை தராசுடன் அந்த அறையில் வேலை செய்கிறவர். மீசை பெரியது, மனசு அதைவிடப் பெரியது, வாய் எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்த இரண்டு நாட்டுத் தலைவர்களும் வாய் கிழியப் பேசினார்கள், பிறகு பீரங்கிகள் பேசின. மறுநாள் இரண்டு நாடுகளின் மேலும் விமானம் பறக்கக்கூடாது என்று தாக்கீது வந்துவிட்டது. செத்தவர்கள் கணக்கு தினமும் டிவியில் ஓடியது. இப்படிப்பட்ட சண்டையை மூட்டிவிடுகிறவர்கள் யாரும் விமானத்துக்காக வரிசையில் நின்று பழக்கப்பட்டவர்கள் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அக்கா ஊருக்கு நேர்வழி அந்த இரண்டு நாடுகளின் தலைக்கு மேலேதான். இப்போது கடலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றினால் எண்ணெய் கூடச் செலவாகும். எண்ணெய்க்கும் கனம் உண்டு. விமானம் தூக்குகிற வரம்பு மட்டும் மாறாது. ஆக எண்ணெய் ஏறினால் ஆள் இறங்கியாக வேண்டும். முதலில் சரக்கை நிறுத்தினார்கள். அது போதாமல் கடைசி வரிசைகளில் யாரையும் உட்கார வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கணக்காக மாற்றித் தாளில் போடுகிற வேலை தராசுவுடையது. எல்லா விமானமும் இருக்கைகள் காலியாகத்தான் கிளம்பியது. எந்த விமானத்திலும் இடமில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களே கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினார்கள். "உள்ள காலியா கெடக்கு, எங்களை ஏத்த மாட்டேங்கறாங்க" என்று ஒரு பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவரிடம் எண்ணெய்க் கணக்கை யார் போய் விளக்குவது?

மற்றக் கம்பெனிகள் அந்த வழியையே கைகழுவிவிட்டன. இவர்கள் கம்பெனி மட்டும் முக்கிமுனகி ஓட்டிக்கொண்டிருந்தது. தராசு கடைசியில் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு டிக்கெட் வாங்கக் கணினியில் தேடினாள். கண்ணுக்கெட்டிய தேதி வரைக்கும் ஒன்றுகூட இல்லை.

கத்தி வைத்தும் அக்காவுக்குச் சரியாகவில்லை. திறந்து பார்த்து, அப்படியே தைத்துவிட்டார்களாம். அத்தான்தான் அதைச் சொன்னார். பிறகு, "எப்படியாவது வந்துடும்மா. வாசல்ல காலடிச் சத்தம் கேட்டா எட்டிப் பாக்கறா" என்றார்.

வேலை இல்லாத நாளெல்லாம் தராசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இருபது வருஷமாக யார் ஏறலாம் என்று உள்ளே உட்கார்ந்து சொன்னவள், இப்போது வெளியே நாற்காலி வரிசையில், காலுக்கிடையில் பெட்டியை வைத்துக்கொண்டு, வாசலில் சீட்டுக் கிழிக்கிற பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நல்லவள். தலையை ஆட்டும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள். தராசு பெட்டியோடு வீட்டுக்குத் திரும்புவாள். முதல் தடவை வீட்டுக்காரர், "என்ன, அக்கா துரத்திவிட்டுட்டாங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. அதற்கப்புறம் பேசாமல் எழுந்து போய் டீ போட ஆரம்பித்தார்.

வீடியோவில் அக்காவைப் பார்ப்பாள். தலையணைக்குள் பாதி முகம் புதைந்திருக்கும். கை, விறகுக் குச்சி.

"என்னடி அப்படிப் பாக்கற? உன் கணக்குப்படி நான் இப்ப கொழந்தைதான். அரை டிக்கெட்டு."

"வாயை மூடுக்கா."

"நான் அங்க வர்றதா இருந்தா ஏத்திருவ இல்ல? உனக்கு நான்தான் லேசு."

தராசு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் கதவு திறந்தது. காலை ஷிப்டில் அவளே கணக்குப் போட்டாள். காற்று சாதகமாக இருந்தது, கொஞ்சம் எண்ணெய் மிச்சம், நாலு கம்பெனி ஆட்களுக்கு இடம் விழுந்தது. வரிசையில் அவள் நாலாவது. தன் பெயரைத் தானே போடும்போது எழுத்துப் பிசகி, இரண்டு தடவை அடித்தாள். மீசை மதியம் ஷிப்டுக்கு வந்ததும் கணக்கை அவரிடம் ஒப்படைத்தாள்.

"ஓடுங்க தராசம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அக்காவை நான் கேட்டதா சொல்லுங்க."

"என் அக்காவை உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாட்டி கேக்கக்கூடாதா? ஓடுங்கங்கறேன்!"

ஓடினாள். கடைசி வரிசைகளுக்குச் சற்று முன்னால் ஜன்னலோர இருக்கை. உட்கார்ந்து பட்டையை மாட்டியதும் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஏறிட்டேன்!"

"நெஜமாவா?"

"சீட்டுல உக்காந்துட்டேன்க்கா. பெல்ட்டு போட்டாச்சு."

 அந்தப் பக்கம் அக்கா அத்தானிடம் சொல்வது கேட்டது: "இங்க பாருங்க, வர்றா. எனக்குத் தலை சீவி விடுங்க."

தராசு கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பெட்டி ஏற்றுகிறவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். எண்ணெய் லாரியும் போயிற்று. போன லாரி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் லாரி. அவளுக்கு அது கூடுதல் கனம்.

விமானி ஒலிபெருக்கியில் பேசினார். இப்போதுதான் தகவல் வந்ததாம். கடல் பக்கம் இருந்த வழியிலும் ஒரு துண்டை மூடிவிட்டார்கள், இன்னும் தள்ளிச் சுற்ற வேண்டும், அதற்காகக் கூடுதல் எண்ணெய். எவ்வளவு தூரம் கூட என்பதையும் சொன்னார். பக்கத்தில் இருந்த இளைஞன் "ஐயோ, லேட்டாகுமே" என்றான். தராசுவின் மண்டை அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. அவள் தொடங்கச் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் என்றால் இவ்வளவு எண்ணெய். இவ்வளவு எண்ணெய் என்றால் இத்தனை ஆள். நாலு.

கடைசியில் ஏறிய கம்பெனி ஆட்கள் முதலில் இறங்க வேண்டும். அது சட்டம். கையில் ஒரு சீட்டோடு வாசல் பெண் உள்ளே வந்தாள். ஒரு பொறியாளரை இறக்கினாள். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரை இறக்கினாள். பணிப்பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். தராசு பட்டையைக் கழற்றத் தயாராக இருந்தாள். ஆனால் அந்தப் பெண் இவள் வரிசைக்கு வரவே இல்லை. தூரத்தில் நின்று, ஒரு கணம் இவளைப் பார்த்து, கண்ணை மூடித் திறந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்று. மூன்று எப்படி வந்தது?

வந்தது எப்படி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீசை எங்கேயோ கை வைத்திருக்கிறார். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா உட்கார்ந்திருப்பது. கதவை மூடப் போகிறார்கள். மூடிவிட்டால் கடல் தாண்டி அக்கா, தலை சீவிக்கொண்டு காத்திருக்கிறாள்.

அவள் எழுந்துவிட்டாள்.

ஏன் எழுந்தாள் என்று பிறகு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். நேர்மை என்றார்கள், கடமை என்றார்கள். மேலதிகாரி ஒரு கூட்டத்தில் உதாரணமாகக்கூட எடுத்துப் பேசினார். எல்லாம் சுத்தப் பொய். அவள் உத்தமியாக இருக்க நினைத்து எழவில்லை. கணக்கு தப்பு என்று மண்டை சொன்னது, கால் எழுந்துவிட்டது. இருபது வருஷமாக யாருடைய கண்ணீருக்கும் அசையாத ஒன்று அவளுக்குள் வளர்ந்து கிடந்தது. அது அவளுடைய கண்ணீருக்கும் அசையவில்லை. பழக்கதோஷம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

"மேடம், உக்காருங்க மேடம், ப்ளீஸ்" என்று வாசல் பெண் படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்து கெஞ்சினாள். தராசு இறங்கிவிட்டாள். கீழே காலை வைத்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியாகிவிட்டது.

அறைக்குள் நுழைந்தபோது மீசை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? ஏன் எறங்குனீங்க?"

"நாலு வரணும். மூணு எப்படிப் போட்டீங்க?"

"உங்களைக் கைக்குழந்தைன்னு போட்டேன்."

தராசு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று மீசைக்குத் தெரியவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு ஆளு கனத்துல விமானம் கவுந்துடுமா, தராசம்மா? சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"கவுந்திருக்காது."

"அப்புறம்?"

"கணக்கு உதைச்சுது, மீசை."

அவர் பாட்டிலை மேஜைமேல் டொக்கென்று வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். தராசு அந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அக்காவே எடுத்தாள். தலை சீவி, நடுவகிடு எடுத்து, பொட்டு வைத்திருந்தது.

"என்னடி, இன்னும் கெளம்பலையா?"

"எறங்கிட்டேன்க்கா."

"ஏன்?"

"வெயிட்டு கூடிப் போச்சு."

யார் இறக்கினார்கள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பாள். அக்கா கொஞ்ச நேரம் இவள் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொன்னால் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

"சரி விடு. கூட்டம் குறையட்டும். அப்புறமா வா" என்றாள்.

அதைக் கேலியாகச் சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா, நிஜமாகவே ஆறுதலுக்குச் சொன்னாளா என்று தராசுவுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாமல் போயிற்று. அந்த வாரம் முடிவதற்குள் அத்தான் கூப்பிட்டார். "ஹலோ" என்பதற்கு முன்னாலேயே அவர் மூச்சு விட்ட விதத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அடக்கத்தை வீடியோவில் பார்த்தாள். நடுவில் படம் இரண்டு தடவை நின்று போனது. வீட்டுக்காரர் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே நின்றால் படம் தெளிவாக வரும் என்று அந்தச் சின்ன வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார்.

அதற்கப்புறம் தலைவர்களுக்கு ஞானம் வந்தது. எங்கேயோ ஒரு பெரிய மாளிகையில் நீள மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், எழுந்து கை குலுக்கினார்கள், கட்டிக்கொண்டார்கள். பாலம் யாருக்கு என்பதைப் பிறகு பேசிக்கொள்வார்களாம். அலுவலகத்தில் டிவியைச் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தராசுவும் அவர்களோடு நின்றாள். தட்டவில்லை, திட்டவுமில்லை. செத்தவர்கள் கணக்கில் யாரெல்லாம் சேரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

வழி திறந்த முதல் விமானம் இரண்டு நாள் கழித்து மதியம். நேர்வழி, குறைந்த எண்ணெய், எல்லா வரிசையையும் திறந்தாயிற்று. ஆனால் ஏறத்தான் ஆள் இல்லை. நேற்று வரைக்கும் சண்டை நடந்த நாடுகளின் தலைக்கு மேலே முதல் ஆளாகப் பறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வாங்கியவர்களெல்லாம் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். சரக்கு அனுப்புகிறவர்களும் இன்னும் நம்பி அனுப்பவில்லை. கவுன்டர்களில் பெண்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது. வாசல் பெண்.

"மேடம், வரிசையில உங்க பேரு இன்னும் இருக்கு. கூட்டமே இல்ல மேடம், எல்லாம் காலி. வர்றீங்களா, இல்ல..." அதற்குள் அவளுக்கே ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டது இந்தப் பக்கம் கேட்டது. "சாரி மேடம். சாரி."

"பரவால்லம்மா. எடுத்துடு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தராசு கணக்கைப் பார்த்தாள். இப்போது வேறு தொல்லை. ஏறிய கொஞ்சம் பேரும் விலை கூடிய முன்பக்க இருக்கைக்காரர்கள். பின்னால் ஆளும் இல்லை, விமானத்தின் வயிற்றில் சரக்கும் இல்லை. மூக்கு கனத்து, வால் லேசாகிவிட்டது. இப்படியே விட்டால் விமானி கையெழுத்துப் போட மாட்டார். இதற்கென்றே கம்பெனியில் ஒரு வழி உண்டு, எப்போதோ ஒரு தடவைதான் தேவைப்படும்.

மீசை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"நான் போடறேன், தராசம்மா. நீங்க எந்திரிங்க."

"வேணாம். என் ஷிப்ட்டு."

சரக்கு ஏற்றுகிற இடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வால் பக்கம் கனம் போதவில்லை, மணல் மூட்டை ஏற்றுங்கள் என்றாள். எத்தனை என்று கேட்டார்கள். சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவன், "இத்தனையா? இதுக்குப் பத்து ஆளை ஏத்தியிருக்கலாமே" என்று சிரித்தான். அவளும் ஆமாம் என்றாள்.

தாளை அனுப்பினாள். விமானி கையெழுத்துப் போட்டார். விமானம் நேரத்துக்குக் கிளம்பி, மணல் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அவள் அக்கா ஊருக்குப் போயிற்று.